துடுப்பை விட்டவன்

ஆத்தூர் அணைக்குப் போகிற ரோட்டோரத்தில், தகரக் கொட்டகை போட்ட மீன் கடையில் அழகுராஜா மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. பரிசல்காரர்கள் காலையில் கொண்டுவந்து கொட்டும் ஜிலேபியையும் கட்லாவையும் செதில் சீவி, துண்டு போட்டு, வாங்க வருகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பான். முன்பெல்லாம் அந்தப் பரிசல்காரர்களில் அவன்தான் முதல் ஆள். அணை நிறைந்து மறுகால் பாயும்போது மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவன் பரிசலை எடுத்துக்கொண்டு போய் வலையைத் தூக்கி வருவான். இப்போது பரிசல் பக்கமே போவதில்லை. யாராவது கேட்டால் தோள்பட்டை வலி என்பான். அவன் மனைவி சண்முகவள்ளிக்கே அதற்கு மேல் தெரியாது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, வெள்ளைக் கார் ஒன்று கடைக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கியது முகேஷ்குமார். திண்டுக்கல் டவுன்காரன். ஆறு, மலை, காடு என்று சுற்றி, வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவன். பஸ் ஸ்டாண்டில் அவன் நின்றால் காலேஜ் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பார்கள்.

"என்னடா அழகு, எளச்சுப் போயிட்ட?"

"இல்லண்ணே, அப்படியேதான் இருக்கேன்." அழகுராஜா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

முகேஷ்குமார் ஓர் அழைப்பிதழை நீட்டினான். சீறுகிற தண்ணீருக்கு நடுவில் அவன் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிற படம். கீழே, 'சியாங் ஆற்றில் எட்டு நாட்கள் - ஓர் உண்மைச் சாகசம்' என்று எழுதியிருந்தது.

"புக்கு எழுதிட்டேன்டா. ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு மண்டபத்துல ரிலீஸ். நீ மேடைல இருக்கணும்."

"நான் எதுக்குண்ணே மேடைல..."

"அந்தப் படகுல மூணு பேரு போனோம். ரெண்டு பேருதான் திரும்பி வந்தோம். நீ இல்லாம எப்படி? டெய்சி கைலதான் முதல் பிரதிய குடுக்கப் போறேன்."

டெய்சி என்ற பெயரைக் கேட்டதும் அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டான். முகேஷ்குமார் அவன் தோளில் கை போட்டுக் காரின் மறைவுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"பயப்படாத. அந்த விஷயத்த நான் புக்குல எழுதல. எழுதவும் மாட்டேன். உனக்கு வாக்கு குடுத்தது குடுத்ததுதான்."

அழகுராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான்.

அவர்கள் மூன்று பேரும் சேர்ந்ததே தண்ணீரால்தான். மூன்றரை வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் குடகனாறு கரை புரண்டு ஓடியபோது, அகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு தீவாகி, அதற்குள் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். அழகுராஜா ஆத்தூரிலிருந்து ஒரு வேனில் பரிசலைப் போட்டுக் கொண்டுபோய், மூன்று நடையாக அவர்களைக் கரை சேர்த்தான். முகேஷ்குமார் அதை வீடியோ எடுத்தான். அவனோடு வந்திருந்த ரொனால்டு வீடியோ எடுக்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு பிடித்தான். ரொனால்டு டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், முகேஷ்குமாரோடு ஒன்றாகப் படித்தவன்.

அடுத்த வருஷமே முகேஷ்குமார் அருணாசலப் பிரதேசத்துக்குப் போகத் திட்டம் போட்டான். அங்கே சியாங் என்று ஓர் ஆறு. அதுதான் கீழே இறங்கிப் பிரம்மபுத்திராவாகிறது. திபெத்திலிருந்து மலையைப் பிளந்துகொண்டு வரும் அந்த ஆற்றில், காற்றடைத்த ரப்பர் படகில் கீழ்நோக்கி வரவேண்டும். ரொனால்டு நீச்சலுக்கு, அழகுராஜா துடுப்புக்கு, முகேஷ்குமார் கேமராவுக்கு.

போவதற்கு முன் பத்து நாள் வைகைப் பக்கமும் ஆத்தூர் அணையிலும் பழகினார்கள். பரிசலில் ஒரே ஆள் எல்லாத் திசைக்கும் தள்ளிக்கொள்ளலாம். ரப்பர் படகு அப்படி இல்லை. முன்னால் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் துடுப்புப் போட, பின்னால் உட்கார்ந்தவன் திசை பார்த்துச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடப்பக்கத்துக்காரன் அழுத்திப் போடவேண்டும். யாராவது ஒருவர் விட்டால் மூன்று பேரும் போவார்கள். பின்னால் உட்கார்ந்தவன் அழகுராஜா. முன்னால் இடப்பக்கம் முகேஷ்குமார், வலப்பக்கம் ரொனால்டு.

மார்கழிக் குளிரில் ஆற்றில் இறங்கினார்கள். அப்படி ஒரு தண்ணீரை அழகுராஜா பார்த்ததில்லை. மயில் கழுத்து நிறத்தில், அடி தெரியாமல், ஆள் உயரத்துக்கு எழும்பி எழும்பி வந்தது. முதல் நாள் ஒரு பள்ளத்தில் படகு தலைகீழாக இறங்கி, மறு பக்கம் வானத்தைப் பார்த்து ஏறியபோது அவன் வாய்விட்டுக் கத்தினான். பயத்தில் கத்தினானா சந்தோஷத்தில் கத்தினானா என்று அவனுக்கே தெரியாது. திரும்பிப் பார்த்த ரொனால்டு சிரித்தான்.

"அழகு, இது ஆத்தூரு அணையில்ல அப்பு!"

"இதுவும் தண்ணிதான சார்!"

பகலில் ஆறு, சாயங்காலம் மணல்திட்டில் கூடாரம். ரொனால்டு சோறு பொங்குவான். அவன் மனைவி டெய்சி டீச்சர் கட்டிக் கொடுத்திருந்த பூண்டுத் தொக்குதான் வெஞ்சனம். அந்த ஊர் வழிகாட்டி காலிங் என்பவனுக்கும் ஓர் உருண்டை வைத்துக் கொடுப்பான். காலிங் உறைப்புத் தாங்காமல் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துவிட்டு, மறுபடியும் கை நீட்டுவான். அந்த ஏழு நாளும் தன் ஆயுளிலேயே நல்ல நாட்கள் என்றுதான் அழகுராஜா நினைத்திருந்தான்.

ஐந்தாம் நாள், சாமான் இறக்கும்போது முகேஷ்குமார் பாறையில் வழுக்கி விழுந்ததில், அவன் லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் உடைந்தது. மஞ்சள் நைலான் கயிற்றைப் போட்டுக் கட்டிக்கொண்டான். வேறு ஜாக்கெட் கிடையாது.

எட்டாம் நாள் காலை அந்த வளைவுக்கு வந்தார்கள். இரண்டு மலையும் நெருங்கி ஆற்றை இறுக்கிப் பிடித்த இடம். நடுவில் ஒரு கரும்பாறை. அதன் மேல் தண்ணீர் ஏறி விழுந்து, கீழே குழிபறித்துச் சுழன்றது. பாறைக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி. காலிங் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முடியாது என்று கையை ஆட்டினான். படகைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்துவிடலாம் என்று இந்தியில் சொன்னதை ரொனால்டு தமிழில் சொன்னான்.

"தூக்கிட்டு நடக்கறதுக்காடா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றான் முகேஷ்குமார். "இந்த எடந்தான்டா மொத்த வீடியோவுமே."

அழகுராஜாவைப் பார்த்தார்கள். அவனும் தண்ணீரைப் பார்த்தான். வலப்பக்க வழியில் நுழைய முடியும் என்று அவனுக்குப் பட்டது. "மூணு பேரும் விடாமப் போட்டா போயிரலாம்ணே," என்றான்.

காலிங் படகில் ஏற மறுத்துவிட்டான். முகேஷ்குமார் அவன் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, கரையில் ஒரு மேட்டைக் காட்டி, அங்கே நின்று எடுக்கச் சொன்னான். பிறகு தன் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டான்.

"டேய் ரொனால்டு, கயிறு கட்டுனது கேமராவுல அசிங்கமாத் தெரியுது. முன்னாடி நாந்தான் பேசணும். இன்னைக்கி ஒருநாளு உன்னோடத குடு."

"எடுத்துக்கடா. நீச்சல் வாத்தியாருக்கு எதுக்கு ஜாக்கெட்டு," என்று ரொனால்டு சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். முகேஷ்குமாரின் ஜாக்கெட்டை மாட்டி, மஞ்சள் கயிற்றை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டான். அழகுராஜாவுக்கு அது மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதர்கள், படித்தவர்கள். இதில் தான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. வளைவுக்குள் நுழைந்தார்கள். பாறை தெரிந்தது. "இடது! இடது! போடுங்க, போடுங்க!" என்று அழகுராஜா தொண்டை கிழியக் கத்தினான். படகு திரும்பவில்லை. அவன் மட்டும் பின்னால் இருந்து உடம்பெல்லாம் சாய்த்துத் துடுப்பை மடக்கினான். அப்போதும் திரும்பவில்லை. படகு பக்கவாட்டில் போய்ப் பாறையில் மோதி, சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. பிறகு தண்ணீர் மட்டும்தான். காதிலும் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர்.

அவன் கீழே ஒரு பாறையில் ஒதுங்கினான். கொஞ்ச நேரத்தில் முகேஷ்குமாரும் மிதந்து வந்தான். காலிங் கயிறு வீசி இழுத்துப் போட்டான். ஒரு காலி ஜாக்கெட் மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டு வந்தது. அதில் மஞ்சள் கயிறு அவிழ்ந்து தொங்கியது.

ரொனால்டு நான்கு நாள் கழித்து, வெகுதூரம் கீழே ஒரு மணல்திட்டில் கிடைத்தான்.

அந்த நான்கு நாளில் ஒரு நாள், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, முகேஷ்குமார் அழகுராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டுச் சொன்னான்:

"நீ துடுப்ப விட்டுட்டடா அழகு. பாறைக்கு முன்னாடியே விட்டுட்ட. நான் திரும்பிப் பாத்தேன். உன் கையில துடுப்பு இல்ல."

"நானாண்ணே? நான் விடலையேண்ணே..."

"உனக்கு ஞாபகம் இருக்காது. பயத்துல அப்படித்தான். நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். ஆனா போலீசுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் பிடிப்பான். பாஷ தெரியாத ஊரு. உன் பொண்டாட்டி என்ன பண்ணும்? நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

அழகுராஜா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். தோல் உரிந்து சிவந்திருந்தது. விட்ட கை இப்படியா இருக்கும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. மறுநாள் போலீஸ் நிலையத்தில், முகேஷ்குமார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டான். ரொனால்டு தன் ஜாக்கெட்டைச் சரியாகப் போடாமல் அலட்சியமாக இருந்தான், ஆறு திடீரென்று ஏறிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்று அதில் எழுதியிருப்பதாக முகேஷ்குமார் படித்துச் சொன்னான்.

அழகுராஜா ஊருக்குத் திரும்பி வந்தான். முப்பதாம் நாள் பூசைக்குத் திண்டுக்கல் போய், ரொனால்டு வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தான். அதற்குப் பிறகு துடுப்பைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை யூனிஃபார்மோடு கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். அழகுராஜா சலவை வேட்டி கட்டி மேடையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சண்முகவள்ளி கீழே கடைசி வரிசையில் இருந்தாள். முன் வரிசையில் டெய்சி டீச்சரும், அவள் பக்கத்தில் ரொனால்டின் அம்மா கிளாராவும். முகேஷ்குமார் முதல் பிரதியை டெய்சியிடம் கொடுத்துவிட்டு, கிளாராம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கிளாராம்மா அவன் தலையைத் தடவி அழுதாள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

பிறகு அவன் மைக்கைப் பிடித்தான்.

"இதுவரைக்கும் யாருக்கும் காட்டாத காட்சி. கரையிலேருந்து எடுத்தது. ஒரு செகண்டுகூட வெட்டாம இன்னைக்கி உங்களுக்குக் காட்டுறேன்."

விளக்குகளை அணைத்தார்கள். பெரிய திரையில் அந்த வளைவு தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று அழகுராஜா கண்ணை மூடினான். தன் கை துடுப்பை விடுவதை இத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்; சண்முகவள்ளி பார்க்கப் போகிறாள். ஆனால் தண்ணீரின் இரைச்சல் கேட்டதும் மூடிய கண் தானாகத் திறந்துகொண்டது.

படகு வந்தது. பின்னால் அவன். துடுப்பு கையில் இருந்தது. பாறை நெருங்கியது. துடுப்பு கையில்தான் இருந்தது. உடம்பை முழுக்கச் சாய்த்து அவன் மடக்குவது தெரிந்தது. படகு சுவர் மாதிரி நிமிர்ந்தபோதும் துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டேதான் விழுந்தான்.

அவன் பார்வை முன்னால் போனது. வலப்பக்கம் ரொனால்டு குனிந்து நிமிர்ந்து போட்டுக்கொண்டிருந்தான். இடப்பக்கம் முகேஷ்குமாரின் துடுப்பு அவன் மடியில் குறுக்காகக் கிடந்தது. வலது கையில் குச்சியில் மாட்டிய கேமராவைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்து, பாறையைப் பார்க்காமல் அதைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பாறையிலேயே கண்ணை வைத்து, இடது, இடது என்று தான் கத்தியதெல்லாம் அந்த முதுகுக்குத்தான் என்பது அழகுராஜாவுக்கு இப்போது புரிந்தது.

"இந்த எடத்துல நான் ரெண்டு பேருக்கும் தைரியம் சொல்லிட்டு இருக்கேன்," என்றது மைக்கில் முகேஷ்குமாரின் குரல். கீழே பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். தண்ணீர் தெரிந்தவன் அந்த மண்டபத்தில் ஒருத்தன்தான் இருந்தான். முகேஷ்குமார் அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பான். நூறு தடவையும் தன் முகத்தைத்தான் பார்த்திருப்பான்.

விளக்கைப் போட்டார்கள். "இப்ப நம்ம அழகுராஜா ரெண்டு வார்த்த பேசுவாரு."

அழகுராஜா எழுந்து மைக் முன்னால் வந்து நின்றான். டெய்சி மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். சொல்லவேண்டியது நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அத்தனை முகத்தையும் பார்த்ததும் மைக்கை விட்டுப் பின்வாங்கினான். "எனக்கு... பேச வரல," என்று சொல்லி இறங்கிவிட்டான். துக்கம் தாங்கவில்லை போல என்று ஜனம் அதற்கும் கைதட்டியது.

மண்டபத்துக்குப் பின்னால், சாப்பாட்டு இலை கொட்டுகிற இடத்தில் முகேஷ்குமாரைப் பிடித்தான்.

"அண்ணே, நான் துடுப்ப விடல."

"என்னடா திடீர்னு?"

"படத்துல பாத்தேன். நான் விடல. நீங்கதான் போடல. கேமராவப் பாத்துப் பேசிட்டு இருந்தீங்க. ரெண்டர வருசமா நான் சாப்புடற சோறு தொண்டையில எறங்கலண்ணே."

முகேஷ்குமாரின் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே சரியாகிவிட்டது. சுற்றும்முற்றும் பார்த்தான்.

"இங்க பாரு. அறநூறு பேரு பாத்தாங்க. ஒருத்தராவது கேட்டாங்களா? உனக்கு மட்டும் எப்படிடா தெரியுது?"

"சாருக்கு அந்த ஜாக்கெட்ட நீங்கதான் மாட்டி விட்டீங்க."

"அலட்சியமாப் போட்டான்னு நீதான் கையெழுத்துப் போட்டிருக்க. அப்ப எங்க போச்சு இந்த வாயி?" அவன் தோளில் மறுபடியும் கை போட்டான். "போடா. போயி சாப்பிடு. பாயாசம் நல்லாருக்கு."

அழகுராஜா சாப்பிடவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் சண்முகவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னான். வழியில் செம்பட்டி வந்தது. அவள் கேட்டாள்:

"அந்த டீச்சரு வீடு எங்க இருக்கு?"

மூன்று நாள் கழித்துத்தான் அவனுக்குத் தைரியம் வந்தது. டெய்சி பள்ளிக்கூடம் முடிந்து வருகிற நேரம் பார்த்துப் போனான். அவள் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். மேசைமேல் அந்தப் புத்தகம் கிடந்தது. சில பக்கங்களில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

அவன் நின்றுகொண்டே சொன்னான். துடுப்பு, கேமரா, ஆற்றங்கரையில் முகேஷ்குமார் சொன்னது, கையெழுத்து. ஜாக்கெட்டைப் பற்றியும் சொன்னான். டெய்சி குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவில்லை. அவன் முடித்ததும் கேட்டாள்:

"முப்பதாம் நாளு பூசைக்கு வந்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அன்னைக்கி நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அவரு ஜாக்கெட்டு போட்டிருந்தாரான்னு."

"போட்டிருந்தாருன்னு சொன்னேன்."

"பொய் சொல்லல நீங்க. எந்த ஜாக்கெட்டுன்னு எனக்குக் கேக்கத் தெரியல. அம்புட்டுதான்." அவள் புத்தகத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "மூணு தடவ சொல்லியும் ரொனால்டு கேக்கல, பிடிவாதம் பிடிச்சான்னு இதுல எழுதியிருக்கு. ரெண்டர வருசமா நான் அவரு மேல கோவமா இருந்தேன். கல்லறைக்குப் போனாக்கூட, என்னப் பத்தி நெனச்சுப் பாத்தியா, ஒரு பக்கிளப் போட உனக்கு அம்புட்டு அலட்சியமான்னு சண்ட போட்டுட்டுத்தான் வருவேன். செத்த மனுசன்கிட்ட. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"என் மேலதான் தப்புன்னு நெனச்சேன் டீச்சர். அதச் சொன்னா இதையும் கேப்பாங்களேன்னு..."

"அதத்தான் நானும் சொல்றேன். துடுப்ப விடலைன்னு தெரிஞ்ச பெறகுதான் இந்தப் படியேறி வந்திருக்கீங்க. விட்டிருந்தா வந்திருக்க மாட்டீங்க. அவரு பேரு கெட்டுப் போனது உங்களுக்குப் பெருசாப் படல."

அது நிஜம் என்று அழகுராஜாவுக்குத் தெரிந்தது. இந்த மூன்று நாளாக உள்ளுக்குள் ஒரு நிம்மதி ஊறிக்கொண்டே இருந்ததும், அணைப் பக்கம் மழை இருண்டபோது மறுபடி பரிசலில் போகலாமா என்று நினைத்ததும் நினைவுக்கு வந்து, கூசிப்போய் நின்றான்.

டெய்சி ஒரு நோட்டை எடுத்து வந்து வைத்தாள்.

"எல்லாத்தையும் எழுதுங்க. ஒண்ணு விடாம. அடியில கையெழுத்துப் போடுங்க. இந்தக் கையெழுத்தையாவது படிச்சிட்டுப் போடுங்க."

அவன் இருட்டுகிற வரை உட்கார்ந்து எழுதினான்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு டெய்சி அலையாத இடமில்லை. வக்கீலிடம் போனாள். நடந்த இடம் வேறு மாநிலம், போலீஸ் நிலையத்தில் ஏற்கனவே ஒரு வாக்குமூலம் இருக்கிறது, அதே ஆள் இப்போது மாற்றிச் சொன்னால் எடுபடாது என்று அவர் சொன்னார். முகேஷ்குமாரிடம் அந்தப் படத்தைக் கேட்டாள். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றான். இரண்டு நாள் கழித்து அவன் சேனலில் அந்தக் காட்சி வந்தது. பாறைக்கு முன்னால் ஏழு விநாடி அதில் இல்லை. புத்தகத்தை மொத்தமாக வாங்கியிருந்த பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் டெய்சி கடிதம் எழுதினாள். ஒரே ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டதாகப் பதில் போட்டார்.

கடிதம் போன விஷயம் முகேஷ்குமாரின் காதுக்கு எட்டியதும் அவன் ஒரு வீடியோ போட்டான். கறுப்புச் சட்டை, பின்னால் ரொனால்டின் படம். 'நான் இத்தனை நாள் மறைத்த உண்மை' என்று தலைப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினான். படகைச் செலுத்தியவன் பயத்தில் துடுப்பை விட்டுவிட்டான். ஏழை, பாஷை தெரியாதவன், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடுமே என்று இத்தனை நாள் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினேன். இன்றைக்கு அவனே என் மேல் பழி போடுகிறான். அவனையும் நான் மன்னிக்கிறேன் என்றான்.

ஒரே வாரத்தில் அதை ஆத்தூர் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். மீன் கடையில் வேலை போனது. கடைக்காரர் கோபப்படவில்லை, வாங்க வருகிறவர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள் என்றார். அழகுராஜா மறுபடி பரிசல் எடுத்தான். கை மறக்கவில்லை. ஆனால் அவனோடு ஏற ஆள் கிடைக்கவில்லை. ஒரு நாள் டீக்கடையில் ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "ஏலே, தண்ணிக்கு நடுவுல போயி விட்டுற மாட்டியே?" அவனோடு அழகுராஜா கட்டிப் புரண்டான். சண்முகவள்ளி வந்துதான் விலக்கிவிட்டாள். அதற்கப்புறம் அவளும் அவனும் மட்டும் வலை போட்டார்கள். காலையில் பூப்பறிக்கப் போவதை விட்டுவிட்டு அவள் பரிசலில் வந்து உட்கார்ந்தாள். நீச்சல் தெரியாது அவளுக்கு.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சண்முகவள்ளி இரண்டு முழம் மல்லிகை கட்டி எடுத்துக்கொள்ள, இருவரும் திண்டுக்கல் போனார்கள். கல்லறைத் தோட்டம் முழுக்க வெள்ளையடித்து, மெழுகுவத்தியும் பூவுமாக இருந்தது. ரொனால்டின் கல்லறையில் தலைமாட்டை மறைத்து ஒரு பெரிய மலர் வளையம் சாய்த்து வைத்திருந்தது. அதன் ரிப்பனில் முகேஷ்குமாரின் பெயரும் அவன் சேனலின் பெயரும் இருந்தன. கிளாராம்மா அந்த வளையம் காற்றில் சாயாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டெய்சி அங்கே இல்லை.

"டீச்சர் வரலீங்களாம்மா?" என்று சண்முகவள்ளி கேட்டாள்.

"அவ காலையிலேயே வந்துட்டுப் போயிட்டா. இப்பல்லாம் நானும் அவளும் ஒண்ணா வர்றதில்ல. அந்தப் புள்ள முகேசு மாசாமாசம் வந்து என்னயப் பாக்குது, அம்மா அம்மான்னு உசுர விடுது. அவன் மேல போயி அபாண்டமாச் சொன்னா நான் எப்படி ஒத்துக்கிறது?" கிளாராம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். "நீ யாருப்பா? எங்கேயோ பாத்த மொகமா இருக்கு."

"ஆத்தூருங்கம்மா. அழகுராஜா."

அவள் முகம் இறுகியது. "துடுப்ப விட்டவனா?"

"இல்லம்மா. நான் விடல."

"இப்ப விட்டா என்ன, விடாட்டி என்ன. எம்புள்ள வரப் போறானா? அவன் அலட்சியத்துல போனான், விதின்னு நான் மனச ஆத்திக்கிட்டேன். நீ வந்து அதையும் கலச்சுப் போடாத." அவள் மெழுகுவத்தியைப் பொருத்தத் திரும்பிக்கொண்டாள். காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

சண்முகவள்ளி குனிந்து, கால்மாட்டில் இடமிருந்த மூலையில் மல்லிகையை வைத்தாள். கிளாராம்மா அதை எடுத்துப் போடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் செம்பட்டி வண்டிக்கு நின்றபோது எதிர் பிளாட்பாரத்தில் டெய்சி நிற்பதை அழகுராஜா பார்த்தான். கையில் பள்ளிக்கூடத்து நோட்டுக் கட்டு. அவளும் பார்த்துவிட்டாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் தலையை அசைக்கவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றாள். நடுவில் ஒரு பழனி பஸ் வந்து நின்றது. அது போன பிறகு எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

"வண்டி வந்துருச்சு, ஏறுங்க," என்றாள் சண்முகவள்ளி.